ஆமைக்குக் கிடைத்த செருப்பு

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு முறைதான் திருடியிருக்கிறேன். அதையும் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு போய், பட்டப்பகலில், பாட்டுப் பாடிக்கொண்டே திருடினேன். திருடிய இடத்தில் பள்ளியின் பெயர், அணியின் பெயர், என் பெயர் எல்லாம் எழுதிய பலகை ஒன்றையும் நட்டு வைத்துவிட்டு வந்தேன். போலீஸ்காரர்களுக்கு இவ்வளவு ஒத்தாசை செய்த திருடி கடலூர் மாவட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

இது நடந்தது 2009 மே மாதம். நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். அறிவியல் புத்தகத்தில் சுற்றுச்சூழல் பாடம் கடைசியில் இருந்ததால், பரீட்சை முடிந்த பிறகும் அது ஒன்று மட்டும் எனக்கு மறக்காமல் இருந்தது. (மற்ற பாடங்கள் விடைத்தாளோடு போய்விட்டன.) அதை வைத்துக்கொண்டு வீட்டில் நான் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் நிறுத்துவேன். ஆள் இருந்தாலும் சில சமயம் நிறுத்துவேன். அம்மா பாலிதீன் பையில் தக்காளி வாங்கி வந்தால், தக்காளியைத் தரையில் கொட்டிவிட்டுப் பையை மட்டும் கடைக்குத் திருப்பி அனுப்பச் சொல்வேன். அப்பா குடிகாடு பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தார். வேலை முடிந்து அவர் வாசலில் வந்து நிற்கும்போது, ஓசோன் படலத்தைத் தன் கையாலேயே கிழித்துவிட்டு வருகிறவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பேன்.

“இன்னாம்மா மொறைக்கற? நான் ஸ்டோர்ல சாமான் எடுத்துக் குடுக்கறவன். ஓசோன்ல ஓட்ட ஒண்ணும் நான் போடல” என்பார்.

இப்படிப்பட்டவள் கையில் ஒரு கோடை முகாம் கிடைத்தால் என்ன ஆகும்? கிடைத்தது. நாலைந்து பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து, விடுமுறையில் பிள்ளைகள் டிவி முன்னால் கிடக்கக் கூடாது என்று ஒரு முகாம் தொடங்கினார்கள். பழைய புடவையில் பை தைத்தோம், சமையலறைக் கழிவில் உரம் போட்டோம், நாளிதழில் கவர் ஒட்டினோம், எங்கே போனாலும் சைக்கிளில் போனோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் அம்மா எழுப்பாமலேயே எழுந்தேன். (அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.) எங்கள் பள்ளி அணிக்கு ‘கடல் காவலர்கள்’ என்று பெயர் வைத்தது நான்தான். தலைவியும் நானே. தேர்தல் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

முகாமின் கடைசியில் ஒரு போட்டி. ஒவ்வொரு அணியும் ஓர் இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கிடைக்கும் குப்பையில் ஒரு பொருள் செய்து, சிதம்பரத்தில் நடக்கும் கண்காட்சியில் வைக்க வேண்டும். முதல் பரிசு வாங்கும் அணிக்கு ஒரு நாள் முழுக்கப் பிச்சாவரத்தில் படகு.

பிச்சாவரம்! கேட்டதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கடலூரில் பிறந்து வளர்ந்தும் நான் பிச்சாவரம் பார்த்ததில்லை. ஒவ்வொரு கோடையிலும் அப்பா கூட்டிப் போகிறேன் என்பார். ஒரு வருடம் ஷிப்ட் மாறியது, ஒரு வருடம் எனக்கு அம்மை போட்டது, ஒரு வருடம் பஸ் ஏறி, பரங்கிப்பேட்டை சொந்தக்காரர் வீட்டில் இறங்கி, சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டோம். பெங்களூரில் இருக்கும் என் அத்தை மகள் இரண்டு முறை பார்த்துவிட்டு, என்னிடமே வந்து சுரபுன்னைக் காடு எப்படி இருக்கும் என்று விளக்கினாள். அந்த அவமானம் தீர வேண்டும் என்றால் முதல் பரிசு வாங்கியே ஆக வேண்டும்.

நாங்கள் எடுத்துக்கொண்ட இடம் தேவனாம்பட்டினம் கடற்கரை. முகாமில் எங்களைப் பார்த்துக்கொண்ட ரோசலின் டீச்சர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். “எதை எடுத்தாலும் அங்க இருக்கறவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க, விஜி.”

“சரி டீச்சர்” என்றேன். சொன்னபடி கேட்கவும் கேட்டேன். அதுதான் இந்தக் கதையின் சிக்கலே.

விடிந்தும் விடியாமல் பன்னிரண்டு சைக்கிள்கள் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பின. கேரியரில் காலி கோணிப்பைகள், கையில் பாலிதீன் கவரால் செய்த கையுறை. (பாலிதீனை எதிர்க்கப் பாலிதீனையே மாட்டிக்கொண்டு போகிறோமே என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.) காற்று முகத்தில் அடித்தது. ஆளுக்கொரு பாட்டை ஆளுக்கொரு சுருதியில் பாடினோம். எனக்கு அன்று உலகத்தையே துடைத்து வைத்துவிடலாம் போல இருந்தது.

போய்ப் பார்த்தால் கடற்கரை பளிச்சென்று இருந்தது. ஒரு சுண்டல் காகிதம்கூட இல்லை. முந்தைய நாளே ஒரு பையன்கள் பள்ளி அணி வந்து மொத்தக் குப்பையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். குப்பை இல்லாததற்காகக் கடற்கரையில் உட்கார்ந்து அழுத ஒரே சுற்றுச்சூழல் ஆர்வலர் நானாகத்தான் இருப்பேன்.

“விஜி, அங்க பாரேன்” என்றாள் நஸ்ரின். அவள் என் வகுப்புத் தோழி, அணியில் மூளை உள்ள ஒரே ஆள்.

அவள் காட்டியது படகுகள் நின்ற பக்கம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுகள் எல்லாம் மணலில் ஏறி நின்றன. அந்தப் பக்கம் ஓடினோம். கடைசிப் படகுக்குப் பின்னால் போனதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புதையல்! குவியல் குவியலாகத் தண்ணீர் பாட்டில்கள், எண்ணெய் கேன்கள், தெர்மாகோல் பாளங்கள், வட்டமாக வெட்டிய ரப்பர் செருப்புத் துண்டுகள், கறுப்புத் துணி கட்டிய மூங்கில் கழிகள். மக்கள் இப்படியுமா கடலைப் பாழாக்குவார்கள்! எனக்குக் கோபத்தில் கண் கலங்கியது. சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

கடலூர்க்காரிக்கு இது என்னவென்று தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். சத்தியமாகத் தெரியாது. எனக்கும் கடலுக்கும் இருந்த உறவு சுண்டல் அளவில்தான். மீன் என்றால் அது எங்கள் வீட்டுக் குழம்பில் பிறந்து குழம்பிலேயே வாழ்வது என்றுதான் கிட்டத்தட்ட நினைத்திருந்தேன்.

டீச்சர் சொன்னபடி யாரையாவது கேட்க வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தேன். ஊரே காலியாக இருந்தது. (சிதம்பரத்தில் ஒரு கல்யாணம், குப்பமே வேன் வைத்துப் போயிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. தடைக்காலத்தில்தான் அவர்கள் கல்யாணம் வைப்பார்கள்.) படகு நிழலில் ஓர் ஆள் மட்டும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். முப்பது வயது இருக்கும். நான் அருகில் போய்க் குனிந்து, மரியாதையாகக் கேட்டேன்.

“அண்ணே, இதெல்லாம் நாங்க எடுத்துக்கலாமா?”

“ம்” என்றார்.

“எல்லாத்தையுமாண்ணே?”

“ம்ம்” என்று புரண்டு படுத்தார்.

அனுமதி இரண்டு முறை கிடைத்துவிட்டது. அவர் தூக்கம் கலையாதபடி எல்லோரையும் நுனிக்காலில் நடக்கச் சொன்னேன். பாதி பாட்டில்களில் சிவப்புப் பெயின்ட்டில் இரண்டு வளையமும் ஒரு புள்ளியும் இருந்தன. சிவப்பு அடையாளம் போட்ட கேனைத் தொடக் கூடாது, உள்ளே இருந்தது விஷம் என்று அப்பா கம்பெனி கேன்களைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. “யாரும் மூக்குகிட்ட கொண்டு போகாதீங்க! ரசாயனம்!” என்று கிசுகிசுப்பாகக் கத்தினேன். உடனே எல்லோருக்கும் வீரம் வந்துவிட்டது. இன்னும் வேகமாக அள்ளினார்கள்.

கடைசியில் தூங்கியவர் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்தது, அதையும் எடுத்தேன். பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி நீலச் செருப்பு. கிட்டத்தட்டப் புதுசு. ‘நல்ல செருப்பை இப்படி எறிகிறார்களே, நாடு எப்படி உருப்படும்’ என்று மனம் நொந்தபடி அதையும் கோணியில் போட்டேன்.

கிளம்பும்போது, வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போயிருந்த பலகையை மணலில் ஆழமாக நட்டோம். ‘இவ்விடத்தைச் சுத்தம் செய்தோர்: கடல் காவலர்கள். தலைவி: வி. விஜயலட்சுமி. இங்கே கிடந்தவை என்ன ஆயின என்று அறிய, சிதம்பரம் கண்காட்சிக்கு அனைவரும் வருக!’ கீழே பள்ளியின் பெயர், கண்காட்சி நடக்கும் இடம், நாள், நேரம். மூன்று வண்ணங்களில் எழுதியிருந்தேன், தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும் அல்லவா?

நஸ்ரின் வீட்டுப் பின்கட்டில் இரண்டு நாள் வேலை நடந்தது. மூங்கில் கழிகளை வளைத்து எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் பாட்டில்களைக் கோத்து, ஆளுயர ஆமை ஒன்று செய்தோம். ஒவ்வொரு பாட்டிலிலும் ஆணியைக் காய்ச்சி இரண்டு ஓட்டை போட்டுக் கம்பியால் கட்டினோம். முன்னங்கால்களுக்குத் தெர்மாகோல். பின்னங்கால்களுக்கு அந்த நீலச் செருப்பு. வால் வேறு வைத்தோம், எண்ணெய் கேனின் கைப்பிடியில். நஸ்ரினின் அம்மா ரோஸ்மில்க் கொடுத்துக்கொண்டே இருந்தார். என் மனசு பிச்சாவரத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தது.

நஸ்ரின் மட்டும் ஒரு கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். “விஜி, இந்தச் செருப்புத் துண்டெல்லாம் கயித்துல ஒரே அளவு வுட்டு வரிசையா கட்டியிருக்குதுடி. குப்பைய யாரு இவ்ளோ அழகா கட்டி வைப்பாங்க?”

“அலையில புரண்டு புரண்டு சிக்கியிருக்கும்.”

“அலை முடிச்சுப் போடுமா?”

“நீ எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படற. அதான் நீ தலைவி ஆகல” என்றேன். அவள் கயிற்றைக் கீழே வைத்துவிட்டாள்.

கண்காட்சி அன்று நஸ்ரினின் மாமா தன் குட்டியானை வண்டியில் ஆமையை ஏற்றினார். ஆமையைச் சுற்றி நாங்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை வழியெல்லாம் ஜனங்கள் கைகாட்டினார்கள். ஒரு பஸ் டிரைவர் ஆமைக்காக ஒதுங்கி வழிவிட்டார். சாமி ஊர்வலத்தில் நான்தான் சாமி என்பதுபோல இரண்டு பக்கமும் கையசைத்துக்கொண்டே போனேன்.

சிதம்பரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் ஷாமியானா. பையன்கள் அணி உறிஞ்சு குழல்களில் லாரி ஒன்று செய்து வைத்திருந்தது. எங்கள் ஆமை வந்து இறங்கியதும் அந்த லாரியை ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவர்கள் மூன்று முறை சுற்றி வந்தார்கள். ஆமைக்குப் பக்கத்தில் என் சார்ட் தொங்கியது: ‘கடலில் எறியப்பட்ட ஆபத்தான ரசாயனக் கழிவுகள்! சிவப்பு வளையத்தைக் கவனிக்கவும்!’ அப்பா லீவு போட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெருமையில் பக்கத்தில் இருந்தவரிடம் எல்லாம், “ஆமை எங்க பொண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். (வார்த்தை முன்னே பின்னே வந்துவிட்டது, பாவம்.)

என்னை மேடையில் பேசக் கூப்பிட்டார்கள். பேச ஆரம்பித்து ஐந்து நிமிடம் இருக்கும். மைதான வாசலில் ஒரு கூட்டம் நுழைந்தது. முன்னால் பச்சைப் புடவையை வரிந்து கட்டிய ஒரு பெண். அவர் பின்னால் நாலைந்து பேர். அவர்களில் ஒருவர் காலில் செருப்பில்லாமல், ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக் குதித்துக் குதித்து வந்தார். உற்சாகத்தில் ஆடுகிறார் என்று நினைத்தேன். கத்திரி வெயிலில் சிதம்பரம் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. படகு நிழலில் தூங்கியவர்! நம் பலகையைப் படித்துவிட்டு ஊரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! எனக்குப் புல்லரித்துவிட்டது.

“இதோ!” என்று மைக்கில் அலறினேன். “நாங்கள் சுத்தம் செய்த தேவனாம்பட்டினத்து மக்களே எங்களைப் பாராட்ட நேரில் வந்திருக்கிறார்கள்! எல்லோரும் பலத்த கைதட்டல் கொடுங்கள்! அம்மா, வாங்க, மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க!”

கூட்டம் கைதட்டியது. நடுவர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். பச்சைப் புடவைக்காரர் மேடை ஏறினார். அவர் பெயர் தெய்வானை. சொந்தப் படகு வைத்திருக்கும் குடும்பம், படகுக்கும் வீட்டுக்கும் அவர் சொல்தான் சட்டம். நான் கொடுத்த மைக்கை வாங்கிக்கொண்டு ஆமையைத் தலையிலிருந்து வால் வரை நிதானமாகப் பார்த்தார்.

“இந்த ஆம எங்குளுது” என்றார்.

“கடல் நம் எல்லோருக்கும் சொந்தம் என்று எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார்!” என்று நான் கூட்டத்துக்கு விளக்கினேன். மறுபடி கைதட்டல்.

“நான் அப்பிடி சொல்லலம்மா. இந்த ஆமையோட முதுவு, வாலு, காலு எல்லாமே எங்க வூட்டு சாமானுன்னு சொல்றேன். எங்க வலைக்குக் கட்டற மிதவ, வல எங்க கெடக்குதுன்னு காட்டற கொடிக்கழி. வெயில்ல காயட்டும்னு போட்டுட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். வந்து பாத்தா மண்ணுதான் இருக்குது.”

கீழேயிருந்து வெறுங்கால்காரர் குரல் கொடுத்தார். “பின்னங்காலு ரெண்டும் என்துக்கா!”

என் சார்ட் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. தெய்வானை அக்கா அதைப் படித்தார்.

“ரசாயனமா? யம்மாடி, அது எங்க வூட்டு அடையாளம். ரெண்டு வளையம் ஒரு புள்ளி போட்டா எங்க வல. கடல்ல பத்துப் பேரு வல பக்கத்துப் பக்கத்துல கெடக்கும், எது யாருதுன்னு எப்பிடித் தெரியும்? அதுக்குத்தான் வூட்டுக்கு ஒரு குறி. பத்து ஊரு தாண்டி ஒதுங்கினாலும், இது தெய்வானை வூட்டுதுன்னு கொண்டாந்து குடுப்பாங்க. ஒனக்குத்தான் தெரியல.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா நிகழ்ச்சி நோட்டீஸை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார், தலைகீழாக.

ரோசலின் டீச்சர் மேடைக்கு ஓடி வந்தார். “கேட்டுட்டு எடுக்கச் சொன்னேனே விஜி?”

“கேட்டேன் டீச்சர்... அவர்தான் ‘ம்’னாரு. ரெண்டு வாட்டி.”

தெய்வானை அக்கா அந்த ஆளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஷாமியானாவே கொஞ்சம் இறங்கியது. அவர் தெய்வானை அக்காவின் தம்பி, ஏழுமலை. குப்பமே கல்யாணத்துக்குப் போனபோது, சாமான்களுக்குக் காவலாக நிறுத்திவிட்டுப் போன ஆள்.

“ஏண்டா, பொறந்ததுலேருந்து தூக்கத்துல ம் கொட்டறவன் நீ. ஒன்னத் தூங்கறப்ப எவனாச்சும் கேட்டா போட்டையே எழுதிக் குடுத்துடுவியே! கூட்டமா வந்து திருடிட்டானுவன்னு எங்கிட்ட சொன்னியே, இந்தப் பசங்களா அந்தக் கூட்டம்?”

“காலுல செருப்பு இல்லாம தொரத்த முடியலக்கா” என்றார் ஏழுமலை அண்ணன்.

கூட்டம் சிரித்தது. தெய்வானை அக்கா சிரிக்கவில்லை. ஆமையின் முதுகிலிருந்து ஒரு பாட்டிலைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஆணி ஓட்டை இரண்டும் தெரிந்தன. இன்னொன்றைப் பிடுங்கினார். அதிலும் இரண்டு.

“ஓட்ட போட்டு வச்சிருக்கீங்களே” என்றார். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. “நாளையோட தடை முடியுது. மறுநாள் விடியக்காலைல போட்டு கடல்ல எறங்கணும். மிதவ இல்லாம வலைய வுட்டா கல்லு மாதிரி அடியில போயிக் குந்திக்கும். சுனாமில இருந்தது எல்லாத்தையும் கடலு எடுத்துக்கிச்சு. ஒண்ணொண்ணாத் திரும்பச் சேத்தோம். இப்ப நீங்க வந்து எடுத்துக்கினீங்க.”

சுனாமி வந்தபோது எனக்குப் பத்து வயது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கு லீவு விட்டார்கள், அவ்வளவுதான் எனக்கு. நான் கடலைக் காப்பாற்றக் கிளம்பியபோது, கடலோரம் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. மைக்குக்கு முன்னாலேயே அழுதேன். ஒலிபெருக்கி என் மூக்குறிஞ்சலைச் சிதம்பரம் முழுக்க ஒலிபரப்பியது.

அப்போது நஸ்ரின்தான் கேட்டாள். “அக்கா, ஓட்டை இல்லாத பாட்டிலா இருந்தா போதுமா? மூடியோட?”

“போதும். ஆனா ஒண்ணு ரெண்டு இல்லம்மா, நூத்துக்கணக்குல வேணும்.”

“இன்னிக்குள்ள கொண்டாந்துடறோம்” என்றேன் நான், மூக்கைத் துடைத்துக்கொண்டு. எங்கிருந்து என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கையின் மிகப் பரபரப்பான மதியம். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று நெஞ்சில் அட்டை குத்தியிருந்த பன்னிரண்டு பேரும் சிதம்பரம் தெருக்களில் பிளாஸ்டிக் பாட்டிலுக்காகப் பிச்சை எடுத்தோம். கீழவீதியில் நாலு பேர், பஸ் ஸ்டாண்டில் நாலு பேர், கல்யாண மண்டபங்களுக்கு நானும் நஸ்ரினும் இன்னும் இரண்டு பேரும், கூடவே அப்பாவும். பஸ் ஸ்டாண்டில் தாகத்தோடு பாட்டிலைத் திறந்தவரைச் சுற்றி நாலு பிள்ளைகள் நின்றார்கள்.

“மெதுவா குடிங்கண்ணே, ஒண்ணும் அவசரமில்ல. ஆனா முழுசா குடிச்சிடுங்க.”

“எதுக்கும்மா?”

“மூடிய மட்டும் தொலைச்சிடாதீங்கண்ணே!”

கோயில் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் மிரண்டுபோய்ப் பாதித் தண்ணீரோடு பாட்டிலை நீட்டினார்கள். டீக்கடைக்காரர் ஒருவர் எங்கள் நெஞ்சு அட்டையைப் படித்துவிட்டு, “பிளாஸ்டிக் வேணாம்னு போட்டிருக்குதே?” என்றார். “அது காலையிலண்ணே” என்றேன். மண்டபத்தில் சமையல்காரர் மூன்று எண்ணெய் கேன்களைக் கழுவிக் கொடுத்து, கூடவே ஆளுக்கு ஒரு தட்டு இட்லியும் கொத்சும் கொடுத்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடினார். ஒவ்வொரு பாட்டில் கிடைக்கும்போதும், லாட்டரி விழுந்ததுபோல, “இருக்குது! மூடியோட இருக்குது!” என்று கத்தினார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

போட்டியில் நடுவர்கள் உறிஞ்சு குழல் லாரிக்கு முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள். கொடுக்காமல் என்ன செய்வார்கள், எங்கள் ஆமையை அதற்குள் தெய்வானை அக்கா பாதி பிரித்து வைத்திருந்தார். ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்று மதியம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் இருந்த சுத்தத்தை எந்த முகாமும் அதற்கு முன்னும் பின்னும் சாதித்ததில்லை.

மாலையில் குட்டியானை கோணிப்பைகளால் நிரம்பி வழிந்தது. தெய்வானை அக்கா ஒவ்வொரு பாட்டிலையும் அமுக்கிப் பார்த்து, காதருகே வைத்துக் காற்று வருகிறதா என்று கேட்டுத்தான் ஏற்றிக்கொண்டார். ஏழுமலை அண்ணன் ஆமையின் பின்னங்கால்களிலிருந்து கம்பியை அவிழ்த்து, செருப்பைத் தட்டி மாட்டினார். அதிலும் நாங்கள் ஓட்டை போட்டிருந்தோம். “காத்தோட்டமா இருக்குது” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அந்த நல்ல மனசுக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது.

மறுநாள் பன்னிரண்டு பேரும் தேவனாம்பட்டினத்தில்தான் இருந்தோம். பொழுது சாயும்வரை கயிற்றில் மிதவை கட்டினோம். நான் கட்டிய முடிச்சுகளை அக்கா அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொன்னார். “நீ அலை கணக்கா முடிச்சுப் போடற” என்றார். (நஸ்ரின் போட்டுக் கொடுத்திருக்கிறாள், துரோகி.) கடைசியில் பிரஷ்ஷை என் கையில் கொடுத்து, எல்லா பாட்டில்களிலும் சிவப்பில் இரண்டு வளையம், ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். வைத்தேன். முகமெல்லாம் பெயின்ட். ஒவ்வொரு புள்ளியும் என் உயிரைக் கொடுத்து வைத்த புள்ளி.

அடுத்த நாள் விடியலில் படகு இறங்கியது. நாங்கள் கரையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினோம். வலை மிதந்ததா மூழ்கியதா என்று தெரிகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மதியம் படகு திரும்பியது. படகை எதிர்கொள்ளத் தண்ணீரோரம் போன தெய்வானை அக்கா அங்கிருந்தே கையைத் தூக்கிக் காட்டினார். எங்கள் பாட்டில்கள் மிதந்திருந்தன! வஞ்சிரம் இரண்டு, நண்டு ஒரு கூடை எங்களுக்குக் கொடுத்து அனுப்பினார். அந்த வார இறுதியில் ஏழுமலை அண்ணன் எங்களைப் படகில் ஏற்றிக் கெடிலம் ஆற்றின் முகத்துவாரம் வரை கூட்டிப் போனார். பிச்சாவரம் இல்லைதான். ஆனால் பெங்களூர் அத்தை மகள் அந்த முகத்துவாரத்தைப் பார்த்ததில்லையே! படகில் ஏறும்முன் எல்லோரையும் செருப்பைக் கரையில் விடச் சொன்னார். அவர் மட்டும் தன் செருப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இந்தச் செருப்புக் கேலி அன்றோடு ஓயவில்லை. மதியம் அப்பா பாயை விரித்தால், முதலில் செருப்பை எடுத்துத் தலைமாட்டில் வைப்பார். “பொண்ணு வீட்டுல இருக்கறா, கண்ணசந்தா ஆமைக்குக் காலாயிடும்” என்பார். நான் துடைப்பத்தை எடுத்தால், “யாரைக் கேட்ட? முழிச்சிருந்தாங்களா?” என்று அம்மா கேட்பார்.

என் கல்யாணம் கடலூரில் நடந்தது. தெய்வானை அக்கா குடும்பத்தோடு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, ஐயருக்கே யோசனை சொன்னார். தாலி கட்டி முடிந்ததும் ஒவ்வொருவராக மேடை ஏறி வாழ்த்தினார்கள். ஏழுமலை அண்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. வாழ்த்திவிட்டு இறங்கும்போது, “பையில பரிசாண்ணே? அங்க குடுத்துடுங்க” என்று என் கணவர் மேசையைக் காட்டினார்.

அண்ணன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“பரிச அக்கா குடுத்துட்டாங்க மாப்ள. இது என் செருப்பு. மண்டப வாசல்ல வுட எனக்கு மனசு வரல, கல்யாணப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியும்.”